கம்பெனி பங்களாவில் ஓர் எண்ணெய்க் குளியல்

எங்கள் வீட்டில் யாரும் கறுப்பு இல்லை. இது அம்மாவின் தீர்மானம். மாநிறம், புதுநிறம், கோதுமை நிறம், வெளியில் பார்த்தால் மாநிறம் உள்ளே பார்த்தால் சிவப்பு என்று விதவிதமான நிறங்களை அவள் கைவசம் வைத்திருந்தாள். கறுப்பு என்பது பம்பாய் மாட்டுங்காவில் மற்றவர்கள் வீட்டில் மட்டுமே இருந்த நிறம். இதில் நான் எந்த வகை என்பது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். எனக்கு இருபத்தொரு வயது. ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். என்னைப் பெண் பார்க்க அதுவரை மூன்று கூட்டம் வந்து, பஜ்ஜியையும் சொஜ்ஜியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று சொல்லிப் போயிருந்தது. ஒன்று ஜாம்ஷெட்பூர், ஒன்று டில்லி, ஒன்று கல்கத்தா. எழுதுகிறோம் என்றவர்கள் யாரும் எழுதவில்லை. கல்கத்தாக்காரர்கள் மட்டும் கொஞ்சம் நாகரிகம் தெரிந்தவர்கள். தரகர் மாமாவிடம், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, நிறந்தான் சித்தே பத்தலை" என்று சொல்லியனுப்பினார்கள். அன்று முதல் என் முகத்தில் கடலைமாவும் பாலாடையும் கஸ்தூரி மஞ்சளும் முறை வைத்து ஏறி இறங்கின. பக்கோடாவுக்குப் போகவேண்டிய மாவு எனக்குப் போகிறதே என்று அப்பாவுக்கு வருத்தம்.

நான்காவது இடம் செம்பூர். பையன் டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். இந்த ஒரு இடம் மட்டும் நடந்துவிட வேண்டும் என்று நானே ரகசியமாக மாட்டுங்கா கோவிலில் வேண்டிக்கொண்டேன். பையனின் போட்டோவைப் பார்த்து மயங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போட்டோவில் அவர் காமிராவுக்குப் பயந்தவர் மாதிரி இருந்தார். எனக்கு வேண்டியிருந்தது செம்பூர்தான். செம்பூரில் வாழ்க்கைப்பட்டால் பம்பாயை விட வேண்டாம். வேலையை விட வேண்டாம். காலையில் லேடீஸ் பெட்டியில் இடித்துப் பிடித்து ஏறி, வி.டி. ஸ்டேஷனில் இறங்கி, என் டைப் மிஷினுக்கு முன்னால் உட்காரலாம். ஜாம்ஷெட்பூரில் போய் யாருக்கோ காலைக் காப்பி போட்டுக்கொண்டு உட்கார எனக்கு இஷ்டமில்லை. வைகாசியில் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருவதாகச் செம்பூர் சொல்லியிருந்தது. அதை விட்டால் பையனின் தாத்தா திதி, அப்புறம் அவர்கள் ஊர்ப் பயணம், அப்புறம் ஆடி. தள்ளிப்போட வழியில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அப்பா ஆபீசர் ஆனார்.

ஐம்பதைத் தாண்டும்வரை ஹெட் கிளார்க்காகவே இருந்தவர். கம்பெனியில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிய பிறகு காலியான நாற்காலிகளில் ஒன்று, மிகவும் ஓரத்தில் இருந்தது, அப்பாவுக்கு வந்தது. நாற்காலியோடு ஒரு கோட்டு, ஒரு டை, மேஜையில் ஒரு மணி, இவையும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, மனோரிக் கடற்கரையில் கம்பெனிக்கு இருந்த விடுமுறை பங்களாவில் குடும்பத்தோடு தங்கும் உரிமையும் வந்தது. ஆபீசர்களுக்கு மட்டும். மூப்புப்படி முறை வரும். அப்பாவின் முறை, செம்பூர்க்காரர்கள் வருவதற்கு முந்தைய வாரக் கடைசியில் வந்து நின்றது.

"வயசுப் பொண்ணை வெயில்ல கொண்டுபோய் வாட்டப் போறேளா? அடுத்த வாரம் அவா வரா" என்றாள் அம்மா.

"இந்தத் தடவை வேண்டாம்னா அப்புறம் ரிட்டயர் ஆனப்புறம்தான் முறை வரும். அப்போ நான் ஆபீசரும் இல்லை, பங்களாவும் இல்லை" என்றார் அப்பா.

"கடலைப் பார்க்கணும்னா தாதர் பக்கம் போனாப் போறாதா? சுண்டலும் கிடைக்கும்."

"அது பொதுஜனங்களுக்கு இருக்கற கடல்."

அப்பாவிடம் ஒரு கொள்கை இருந்தது. கிளார்க்காக இருந்த காலத்தில் டைரக்டர் துரையிடம் அவசரக் கையெழுத்து வாங்க ஒருமுறை அந்தப் பங்களாவுக்குப் போயிருக்கிறார். அங்கே துரைசானி மணலில் படுத்துக்கொண்டு ஒரு சீசாவிலிருந்து எண்ணெயை எடுத்துக் கை காலெல்லாம் தடவிக்கொண்டிருந்தாளாம். எதற்கு என்று டிரைவரிடம் கேட்டிருக்கிறார். "தூப் நை லக்னே கே வாஸ்தே" என்று டிரைவர் சொன்னானாம். வெயில் படாமல் இருக்க.

"தெரிஞ்சுக்கோ. எண்ணெய் தடவிண்டா வெயில் தோல்ல ஒட்டாது. நாம ஆயிரம் வருஷமா பண்றதை அவா இப்போ சீசாவுல அடைச்சு விக்கறா. அவ தடவிண்டது என்ன எண்ணெயோ. நம்மது செக்கு நல்லெண்ணெய்."

நல்லெண்ணெய் என்றதும் அம்மாவின் எதிர்ப்பு பாதி கரைந்தது. மீதி, கிழமையைப் பற்றியது. பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமை, ஆண்களுக்குச் சனிக்கிழமை. கடலாக இருந்தாலும் இது மாறாது என்று அவள் கட்டளையிட்டாள். வெள்ளிக்கிழமை எனக்கும் அவளுக்கும், சனிக்கிழமை அப்பாவுக்கு என்று ஏற்பாடாயிற்று. அண்ணா பிலாயில் வேலையில் இருந்ததால் தப்பித்தான்.

உல்லாசப் பயணத்துக்கு நாங்கள் எடுத்துப் போனவை: ஸ்டவ், அரிசி, சாம்பார்ப் பொடி, காப்பிப் பொடி, ஃபில்டர், வெண்கலப் பானை, ஒரு தூக்கு நிறையத் தயிர், ஒரு பாட்டில் நல்லெண்ணெய், சீயக்காய்ப் பொடி, என் நிறத்தைக் காப்பாற்ற ஒரு குடை. மாலாடில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து மார்வே போய், தோணியில் உப்பங்கழியைக் கடந்து, அக்கரையில் மாட்டு வண்டியில் ஏறினோம். அப்பா கோட்டைக் கழற்றவில்லை. தோணிக்காரன் ஸ்டவ்வைப் பார்த்துவிட்டு, வீடு மாற்றிக்கொண்டு போகிறோமா என்று ஹிந்தியில் கேட்டான். ஆபீசர் இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டார்.

பங்களா நன்றாகத்தான் இருந்தது. பெரிய வராந்தா, பிரம்பு நாற்காலிகள், சுவரில் யாரோ ஒரு துரை சுட்ட மானின் தலை. அம்மா முதல் வேலையாக மான் தலை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். பங்களாவைப் பார்த்துக்கொண்டவர் அந்த ஊர்க் கிறிஸ்தவர், வயதானவர், அரை நிஜாரும் பனியனும் போட்டவர். வந்தவர்களுக்கு நல்ல மீன் குழம்பு செய்து போடுவதில் பெயர் வாங்கியவர். "மச்சி கௌன்சா பனாயேகா?" என்று, எந்த மீன் சமைக்கட்டும் என்று ஆசையாகக் கேட்டார். அம்மா ஸ்டவ்வைக் காட்டினாள். அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் தனக்காவது சமைத்துக்கொள்ளலாம் என்று பின்கட்டுக் கிணற்றடியில் ஒரு கூடை மீனோடு உட்கார்ந்தார்.

அம்மா நேரத்தை வீணாக்கவில்லை. ஒன்பது கஜம் பழசு ஒன்றை அவள் கட்டிக்கொண்டாள். எனக்குச் சாயம் போன ஒரு புடவை. வராந்தாவிலேயே உட்கார்ந்து தலை, முகம், கழுத்து, கை, கால் என்று ஒரு இடம் விடாமல் நல்லெண்ணெய் தேய்த்தாள். என் நெற்றியில் பெரிய சாந்துப் பொட்டு, இரண்டு கையிலும் ரெட்டை வளையல். அவற்றை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு சீயக்காய்ப் பொடியும் சொம்பும், பசித்தால் சாப்பிடத் தயிர்த் தூக்கும், குடையுமாகக் கடலை நோக்கி ஊர்வலம் போனோம். அப்பா முன்னால், நாங்கள் பின்னால், கால்கள் மணலில் வழுக்க.

கடல் அங்கே இல்லை.

மிகையாகச் சொல்லவில்லை. சேறும் மணலுமாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈரத் தரைதான் இருந்தது. அதற்கும் அப்பால் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கடலில் நீர் ஏறும் இறங்கும் என்பதைப் பம்பாயில் இத்தனை வருஷம் குடியிருந்தும் எங்கள் குடும்பம் கவனித்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தது குழாயில் தண்ணீர் வரும் நேரமும் நிற்கும் நேரமும் மட்டுமே. அப்பா கிணற்றடிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். தண்ணீர் சாயங்காலம்தான் வரும் என்று அந்தப் பெரியவர் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில், சொல்லாமல் லீவில் போய்விட்ட சிப்பந்தியைப் பற்றிய கோபம் இருந்தது.

"கிணத்துலயே குளிச்சுடலாமே" என்றேன்.

"அங்க மீன் செதிலைச் செதுக்கிண்டிருக்கான். அந்தக் கயத்தைத் தொட்டு நான் தண்ணி எடுக்கணுமா?" என்றாள் அம்மா.

"அப்போ அந்தப் பனைமர நிழல்லயாவது உக்காரலாம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மரத்தில் பானைகள் தொங்கின. மதுவிலக்கு இருந்த காலம். அது கள் இல்லை, புளிக்காத பதநீர், 'நீரா' என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மாவின் மூக்கு சர்க்காரை நம்பவில்லை. "கள்ளுப் பானைக்கு அடியில வெள்ளிக்கிழமையும் அதுவுமா உக்கார மாட்டேன். சொட்டினா என்ன பண்றது?"

வராந்தாவில் போய் உட்காரலாம்தான். எண்ணெய்ச் சேலையோடு கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்தால் கறை பட்டுவிடும், ரிப்போர்ட் போகும் என்று அப்பா தடுத்தார். தரையில் உட்காருகிறோம் என்றேன். சிவப்பு மெழுகு போட்ட தரை, இன்னும் மோசம் என்றார். ஆக, எங்களுக்கு மீதியிருந்தது வெட்டவெளி மணல். எண்ணெய்தான் இருக்கிறதே, வெயில் ஒட்டாதே. அம்மாவும் நானும் அங்கே உட்கார்ந்து கடலுக்காகக் காத்திருந்தோம். என் நிறத்துக்காகக் கொண்டுபோன குடையை அம்மா தயிர்த் தூக்குக்கு விரித்து வைத்தாள். வெயிலில் தயிர் புளித்துவிடுமாம்.

கடல் நாலு மணிக்கு மேல் நிதானமாக வந்து சேர்ந்தது. சீயக்காயை எடுத்தோம். உப்புத் தண்ணீரில் சீயக்காய் நுரைக்காது என்பதை அன்று தெரிந்துகொண்டோம். எண்ணெயும் சீயக்காயும் மணலும் சேர்ந்து எங்கள் மேல் ஒரு சாந்து பூசிக்கொண்டதுதான் மிச்சம். மீன் வேலை முடிந்து கிணற்றடி காலியான பிறகு, அம்மா அந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, எங்களை ஒருவழியாக மனுஷ ரூபத்துக்குக் கொண்டுவந்தாள்.

ராத்திரி எனக்கு முகம் காந்தியது. காலையில் கண்ணாடியில் பார்த்தபோது அதில் இருந்தது நானே இல்லை. மூக்கும் கன்னமும் கழுத்தும் கையும் செம்பும் கறுப்புமாகக் கன்றிப்போயிருந்தன. நடு நெற்றியில் சாந்துப் பொட்டை எடுத்த இடத்தில் வெளுப்பாக ஒரு வட்டம். வளையலைத் தள்ளினால் கையைச் சுற்றி வெளுப்பாக வளையம். தொட்டால் நெருப்பு. அம்மா, குடை பிடித்துக் காப்பாற்றிய தயிரைக் கொண்டுவந்து என் முகத்தில் அப்பினாள். அவள் முகமும் என் முகம் மாதிரிதான் இருந்தது. தனக்கு ஒரு விரல் தயிர்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"எட்டு நாள்ல அவா வரா" என்று மட்டும் கடைசியில் சொன்னாள்.

நான் அழுதேன். அழகு போனதற்காக இல்லை. ஜாம்ஷெட்பூர் கண் முன்னால் வந்து நின்றது.

இதைப் பார்த்த பிறகாவது ஒரு மனுஷன் பாடம் படிப்பார் என்று நினைப்பீர்கள். அப்பா படித்தார்: நாங்கள் எண்ணெய் போதுமான அளவு தடவவில்லை என்ற பாடத்தை. "அங்கங்க தொட்டுண்டா எப்படி? சொட்டச் சொட்டத் தேய்க்கணும். படுத்துக்கணும். துரைசானி படுத்துண்டுதான் இருந்தா." அன்று சனிக்கிழமை, அவருடைய நாள். பாட்டிலில் மிச்சமிருந்தது முழுவதையும் உடம்பில் கொட்டிக்கொண்டார். நாலு முழ வேஷ்டியும் பூணூலுமாக மணலில் குப்புறப் படுத்தார். பலகாலமாக ஆபீசுக்கும் வீட்டுக்கும் இடையே ஓடிய மனுஷர், படுத்ததும் தூங்கிவிட்டார். குறட்டை வராந்தா வரைக்கும் கேட்டது.

எழுப்பலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "தூங்கட்டும். அந்த மனுஷன் என்னிக்குத் தூங்கியிருக்கார்" என்றாள் அவள். அந்தச் சமயத்தில் அது எனக்குக் கரிசனமாகத்தான் பட்டது. பிற்பாடு யோசித்தால் அதில் வேறு கணக்கும் இருந்திருக்கலாம்.

பங்களாப் பெரியவர் வராந்தா பக்கம் வந்தவர், எண்ணெய் பளபளக்கக் கிடந்த அப்பாவையும் பக்கத்தில் சீயக்காய்ப் பொடியையும் பார்த்தார். "சாப் கோ மசாலா பி லகாயா?" என்று, துரைக்கு மசாலாவும் தடவியாயிற்றா என்று கேட்டார். அவருக்கு மீனைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அப்பா ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. திங்கட்கிழமை கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். பங்களா எப்படி என்று கேட்டவர்களிடம் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொன்னாராம். என் ஆபீஸில் பக்கத்து மிஷின்காரி என்னைப் பார்த்துவிட்டு, எந்த அடுப்பில் விழுந்தாய் என்று கேட்டாள். நானும் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றே சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என் தோல் உரிய ஆரம்பித்தது. கறுத்த முகத்தில் உரிந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுப்பு. அம்மா பவுடர் போட்டாள். தோலோடு பவுடரும் உதிர்ந்தது. ஸ்நோ தடவினாள்; எரிந்தது. கடைசியில், நெற்றி வட்டத்தின் மேல் சரியாக உட்காருகிற மாதிரி ஒரு பொட்டு வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், இருட்டான மூலையில் என்னை உட்கார வைப்பது என்று திட்டம் போட்டாள்.

செம்பூரிலிருந்து பையன், பையனின் அம்மா, அப்பா மூன்று பேரும் வந்தார்கள். அப்பா கோட்டும் டையுமாக, நாற்காலியில் சாயாமல், விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பையனின் அப்பா பாவம், இரண்டு முறை "நன்னா சாஞ்சு உக்காருங்கோ" என்று சொல்லிப் பார்த்தார். "பழக்கமில்லை" என்றார் அப்பா. ஆபீசர் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

நான் காப்பித் தட்டோடு வந்தேன், நமஸ்காரம் பண்ணினேன், ஒரு பாட்டும் பாடினேன். எல்லாம் இருட்டு மூலையிலேயே நடந்தது. பையனின் அம்மா டபராவைக் கீழே வைத்தாள்.

"இப்படி வெளிச்சத்துக்கு வாம்மா."

போனேன். ஜன்னலோரம் நிற்க வைத்து என் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்தாள். வளையல்களை மேலே தள்ளினாள். கன்றிய கையைச் சுற்றி வெளுப்பான வளையம். அவள் கை சட்டென்று என் கையை விட்டது.

"இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டாள். குரல் இறங்கிவிட்டது.

"அது ஒண்ணுமில்லை. உடம்புச் சூடு. வெறும் சூடுதான்" என்றாள் அம்மா.

"வைத்தியர்கிட்ட காமிச்சேளா? ஆரம்பத்துலயே பார்த்தா பரவாமல் இருக்கும்னு சொல்லுவா."

வெண்குஷ்டம் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அது கூடம் முழுக்க வந்து உட்கார்ந்துவிட்டது. நிறம் பத்தலை என்றால் கடலைமாவு இருக்கிறது. இதற்கு ஒன்றும் கிடையாது. இவர்கள் படி இறங்கினதும் இந்தப் பேச்சு செம்பூருக்குப் போகும், அங்கிருந்து மாட்டுங்கா கோவிலுக்கு வரும், பிறகு எந்த ஊரிலிருந்தும் எவரும் பஜ்ஜி சாப்பிடக்கூட வர மாட்டார்கள். வெயில் என்று அம்மா சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை எண்ணெய் தடவி வெயிலில் காயப்போட்டேன் என்று எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்? சொன்னாலும் யார் நம்புவார்கள்? பையனின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது அப்பா எழுந்தார்.

கோட்டைக் கழற்றி நாற்காலி மேல் போட்டார். டையை அவிழ்த்தார், அது அவருக்குச் சீக்கிரம் அவிழாது, அன்றும் அவிழவில்லை, தலைவழியாகவே உருவினார். சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அம்மா "என்ன பண்றேள்?" என்று மெதுவாகக் கேட்டாள். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. அதை இழுத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். பிறகு வந்தவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

கருஞ்சிவப்பாக வெந்து, பாளம் பாளமாக உரிந்து, இடையிடையே வெளுத்துக் கிடந்தது அந்த முதுகு. பூணூலை விரலால் தள்ளிப் பிடித்தார். இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரைக்கும், பூணூல் கிடந்த தடத்தில், ஒரு வெளுப்புக் கோடு.

"நன்னா பாருங்கோ" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "கம்பெனி பங்களாவுக்குப் போயிருந்தோம். எண்ணெய் தேச்சுண்டு வெயில்ல உக்காந்தா வெயில் ஒட்டாதுன்னு நான்தான் சொன்னேன். என் புத்தி அவ்வளவுதான். இது வெயில். அவ கையில இருக்கறதும் வெயில்தான். என் பொண்ணுக்கு வேற ஒண்ணுமில்லை."

அந்த மனுஷர் என்னை நடுக் கோடையில் காய்ச்சி எடுத்ததற்காக ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. கோட்டும் டையும் வந்ததிலிருந்து குழாயடிக்குக்கூடச் சட்டையில்லாமல் போகாதவர். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது அன்றுவரை எனக்கே தெரியாது.

பையனின் அம்மா எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். முதுகை, பிறகு என் கையை, மறுபடி முதுகை.

"எண்ணெய் தேச்சுண்டா வெயில்ல உக்காந்தேள்?"

"நல்லெண்ணெய்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எவ்வளவு நாழி?"

"கடல் வர வரைக்கும்."

அந்த மாமி என் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். "தயிர் தடவினேளா?" என்று கேட்டாள். அம்மா தலையாட்டினாள். "வெள்ளரிக்காய் அரைச்சுப் போடுங்கோ, சீக்கிரம் ஆறும். ஆனியில முகூர்த்தம் வச்சுண்டா அதுக்குள்ள சரியாயிடும்." பையன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. மரியாதையான குடும்பம், சிரிப்பை வெளியே விடவில்லை.

செம்பூரிலிருந்து பல வருஷம் வி.டி.க்கு ரயில் பிடித்தேன். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் என்ன பிடித்தது என்று ஒருமுறை என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "உன்னை எங்க பார்த்தேன்? உங்கப்பா முதுகைப் பார்க்கவே நேரம் சரியா இருந்தது" என்றார். அவர் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்.

அவர்கள் போன பிறகு அன்று சாயங்காலம் அப்பாவின் முதுகுக்கு நான்தான் வெள்ளரிக்காய் விழுது போட்டேன். "ஆபீசர்னு சொல்லிட்டு இப்படிச் சட்டையைக் கழட்டிண்டு நின்னுட்டேனே. மட்டமா நினைச்சிருப்பாளோ?" என்று கேட்டார். ஆபீசரைக் கிண்டல் பண்ண என்னிடம் எத்தனையோ பதில் தயாராக இருந்தது. "இல்லைப்பா" என்றேன்.

ஆனியில் மாட்டுங்காவிலேயே கல்யாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி, தாலி கட்டும் நேரத்தில் பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். அப்பா அன்றும் மேல்சட்டை இல்லாமல் இருந்தார், அன்று சாஸ்திரத்துக்காக. தோல் ஆறிப் பல நாளாகியிருந்தது. நான் கூறைப்புடவையோடு அவர் மேல் சாய்ந்தபோது ஜரிகை அவர் தோளில் அழுந்தியது. உடம்பு ஒரு தரம் அதிர்ந்தது.

"இன்னும் எரியறதாப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இப்போதாண்டி எரியறது" என்றார்.